ஒன்றாம் வகுப்பின் ஜூன், ஜூலை: வீட்டில் எப்படிக் கைகொடுப்பது

ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையின் நோட்டு, ஆடி பிறக்கும் வரைக்கும் ஏறக்குறையக் காலியாகத்தான் இருக்கும். அப்படி இருப்பதுதான் நல்லது.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வருடா வருடம் ஜூன் கடைசியில் பெற்றோர் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், இன்னும் அ ஆ கூட எழுதலையே, என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?" பிள்ளைமேல் அக்கறை இருப்பவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். அவர்களுக்குப் பதிலாகவும், மாலையில் வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு வழியாகவும் இதை எழுதுகிறேன். அம்மா அப்பாதான் செய்ய வேண்டும் என்பதில்லை. அப்பாயி, அம்மாச்சி, தாத்தா யாரும் செய்யலாம். இதில் பாதிக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடியது.

நான் சொல்லப்போவது ஒரு வரிசை. முதலில் காது, அதோடு வாய், பிறகு கை, கடைசியில் நோட்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி நோட்டில் தொடங்கும் வீடுகளில்தான், மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் பிள்ளை எழுத்தைப் பார்த்து வரைகிறது, படிக்க வராமல் நிற்கிறது.

வகுப்பில் என்ன நடக்கிறது

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய, 2022 ஜூனில் தமிழக அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளைக்குப் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரும்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பயிற்சி நூலில் அரும்பு என்று இருந்தால் சில வீடுகளில் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டாம். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அதைக் கூட்டிப்போகிறோம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

முதல் வாரங்களில் பாட்டு, கதை, பேச்சு இவைதான் பாடம். கூடவே பொருள்களைப் பிரித்து வைப்பது, பெரியது சிறியது, மேலே கீழே, உள்ளே வெளியே என்று சொல்லிப் பழகுவது, மணலிலும் தரையிலும் கோடு போடுவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். ஐந்து வயது முடிந்த பிள்ளையின் காதும் விரலும் எழுத்துக்குத் தயாராவது இந்த நாள்களில்தான்.

முதலில் காது

எழுத்து என்பது ஒலிக்கு நாம் போட்டிருக்கும் குறி. ஒரு சொல்லுக்குள் தனித்தனி ஒலி இருக்கிறது என்பதே பிடிபடாத பிள்ளைக்கு, அந்தக் குறியை எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் நிற்காது. அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் எழுத்தே காட்டாமல், சொற்களைக் காதால் உடைக்கப் பழக்குங்கள்.

கைதட்டலில் தொடங்குங்கள். அம்-மா, இரண்டு தட்டு. தக்-கா-ளி, மூன்று தட்டு. பிள்ளையின் பெயர், வீட்டில் இருப்பவர்களின் பெயர், ஆட்டுக்குட்டிக்கு வைத்த பெயர் எல்லாவற்றையும் தட்டுங்கள். அது கை வந்ததும் முதல் ஒலிக்குப் போங்கள். "பால், பாட்டி, கல்லு. இதுல எது மாறி இருக்கு?" பிள்ளை கல்லு என்று சொன்னால் நிறுத்தி, "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். விளக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியால் பிள்ளை தன் வாயைக் கவனிக்கத் தொடங்கும். அதற்கடுத்த வாரம் கடைசி ஒலி. வண்டி, புட்டி, தட்டு மூன்றில் எது மாறி முடிகிறது என்று கேட்கலாம். சமைக்கும்போதே கேட்கலாம், மாட்டுக்குப் புல் போடும்போதும் கேட்கலாம். இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிக்கலை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கி மாட்டும் அகரவரிசைப் படத்தில் இ என்றால் இலை, உ என்றால் உரல். ஆனால் நம் வீட்டில் யாரும் இலை என்று சொல்வதில்லை, 'எல' என்கிறோம். உரலும் 'ஒரலு'தான். இடம் 'எடம்', இறகு 'எறகு', உடம்பு 'ஒடம்பு', உதடு 'ஒதடு'. படத்தைக் காட்டி "இது என்ன எழுத்துல ஆரம்பிக்குது?" என்று கேட்டால், பிள்ளை எ என்கிறது. யானைப் படத்துக்கு ஆ என்கிறது, ஏனென்றால் அதற்கு அது 'ஆன'. காதால் கேட்டதைச் சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்துத் தப்பு என்றால், அது தன் காதையே நம்பாமல் போய்விடும். அப்புறம் ஒலியைக் கேட்டுச் சொல்லாது, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லும். வகுப்பில் அப்படி ஊகித்தே காலம் தள்ளும் பிள்ளைகளை மீட்டு எடுக்க நிறைய நாளாகிறது.

ஆகவே முதல் பருவத்துக்கு, பேச்சிலும் புத்தகத்திலும் ஒரே ஒலியோடு தொடங்கும் சொற்களை எடுங்கள். இ-க்கு இட்லி, இஞ்சி. உ-வுக்கு உப்பு, உளுந்து, உண்டியல். எ-க்கு எலி, எறும்பு. ஊ-வுக்கு ஊசி, ஊஞ்சல். ஐ-க்கு ஐஸ். சிலர் ஐஸ் தமிழ்ச் சொல் இல்லையே என்பார்கள். பிள்ளைக்கு ஐ என்ற ஒலி வேண்டும், அது ஐஸில் பளிச்சென்று இருக்கிறது. ஐவர் என்பது அதன் வாழ்க்கையிலேயே இன்னும் வரவில்லை. ஔ, ஃ இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை.

இலை வந்தே தீரும் இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: "நாம பேசுறப்ப எலன்னு சொல்றோம். புத்தகத்துல இலைன்னு இருக்கும்." ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரிகிறது. டீச்சர் பேசுவது ஒரு மாதிரி, அப்பாயி பேசுவது ஒரு மாதிரி என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். 'வாளப்பளம்' என்று சொல்லும் பிள்ளையை ழகரத்துக்காக இப்போதே வாயைச் சுழற்றச் சொல்ல வேண்டாம். ல, ள, ழ வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் பின்னால் நேரம் இருக்கிறது.

பிறகு கை

பென்சிலை முஷ்டியில் பிடிக்கும் பிள்ளைக்கு விரல்களில் இன்னும் வலு வரவில்லை. அதை வைத்து ஒரு பக்கம் முழுக்க அ எழுத வைத்தால் கை வலிக்கும். எழுத்தென்றாலே வலி என்று அதன் மனதில் பதியும். விரலுக்கு வலு தருகிற வேலை வீட்டில் நிறைய இருக்கிறது: முருங்கைக்கீரை உருவுவது, வெங்காயம் உரிப்பது, உளுந்தில் கல் பொறுக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, கொடியில் துணிக்குக் கிளிப் மாட்டுவது. பெண் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். பையனின் விரலும் அதே விரல்தான்.

எழுதுவதற்கு முதலில் தரை, அடுத்து சிலேட்டு, கடைசியாகக் காகிதம். வாசலில் ஈர மண்ணில் விரலால் கோடு போடட்டும். தாம்பாளத்தில் அரிசி மாவோ மணலோ பரப்பிக் கொடுத்தாலும் போதும். நிற்கும் கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வளைவு, சுழி. தமிழ் எழுத்து எல்லாமே இந்த ஐந்துக்குள் வந்துவிடும். கோலம் போடும் வீடாக இருந்தால் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு இடம் விட்டு நான்கு புள்ளி வைத்துக் கொடுங்கள். புள்ளியைச் சுற்றிக் கையைத் திருப்பும் பழக்கம் சுழி போடும்போது அப்படியே உதவும்.

சிலேட்டில் எழுத முழு சாக்பீஸ் கொடுக்காதீர்கள். கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைத்துக் கொடுங்கள். முழுசாக இருந்தால் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். துண்டாக இருந்தால் மூன்று விரல் நுனியால்தான் பிடிக்க முடியும், சொல்லித் தராமலே சரியான பிடி வந்துவிடும். கிரையானுக்கும் இதே முறைதான், உடைந்த கிரையானைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

இடது கையால் எழுதும் பிள்ளையை மாற்றவே மாற்றாதீர்கள். அதட்டியும் வேண்டாம், கெஞ்சியும் வேண்டாம். 3-ஐத் திருப்பிப் போடுவது, ட-வைக் கண்ணாடியில் பார்ப்பது போலப் போடுவது இதெல்லாம் இந்த வயதுக்கு இயல்பு. சரியானதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும், அடித்துச் சிவப்பில் திருத்த வேண்டியதில்லை.

மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும்

247 எழுத்தையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்ற கணக்கு பெரியவர்களுக்கு அழகு. ஆறு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு அது சுவர்.

எளிதாக எழுத வருகிற, உடனே சொல்லாகச் சேர்கிற எழுத்துகளை முதலில் எடுப்பது நல்லது. ட என்றால் ஒரு நிற்கும் கோடு, ஒரு படுத்த கோடு. ப-வுக்கு இன்னொரு நிற்கும் கோடு கூடுகிறது. ம-வில் அதோடு ஒரு வளைவு. அ-வை எடுத்துப் பாருங்கள்: ஒரு சுழி, பெரிய வளைவு, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நிற்கும் கோடு. எழுத்துகளிலேயே கடினமான ஒன்றை முதல் நாள் கையில் கொடுக்கிறோம். இ அதைவிடக் கடினம்.

ட, ப, ம மூன்றோடு மேலே வைக்கும் புள்ளி ஒன்று தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. பிறகு அ, ஆ வரட்டும்: அம்மா, அப்பா, அப்பம், ஆட்டம். த வந்தால் தாத்தா, ர வந்தால் மரம், பாரம். 'பாப்பா பட்டம்', 'தாத்தா மரம்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துத் தானே படித்துவிட்ட பிள்ளை அன்றைக்கு நடக்கும் நடையே வேறு. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இந்த வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். எழுத்து நான்கைந்து தெரிந்த உடனேயே படிக்கவும் முடிகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஆசிரியர் உயிரெழுத்தில் தொடங்கியிருந்தால் அந்த வரிசையையே வீட்டிலும் பிடியுங்கள். வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு பாதை போட்டால் பிள்ளைதான் குழம்பும். எந்த வரிசையானாலும், தெரிந்த எழுத்தை வைத்து அன்றன்றைக்குச் சொல் சேர்த்துப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள்.

எழுத்தைச் சொல்லும் விதமும் முக்கியம். வீட்டுப் பெரியவர்கள் அனா, ஆவன்னா, பானா, மானா என்று படித்தவர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூட்டினால் பானா, டானா, இம்மன்னா என்றுதான் வருமே தவிர, படம் என்று வராது. ஒலியை மட்டும் சொல்லுங்கள்: ப, ட, ம். அதிலும் ம் என்பதை 'இம்' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை 'பட இம்' என்று நிற்கும். உதட்டை மூடி ம்ம்ம் என்று இழுத்துக் காட்டுங்கள். நாம் பேசும்போது மரம் என்பதன் கடைசியில் உதடு சரியாக மூடுவதே இல்லை, மூக்கோடு போய்விடுகிறது. அதனால்தான் பிள்ளைகள் 'மர' என்று எழுதிவிட்டு முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். மெதுவாகச் சொல்லி, "கடைசியில உதடு என்ன பண்ணுது, தொட்டுப் பாரு" என்று கேட்டால் புள்ளி வைத்த ம் தானாக வந்து சேரும். பட்டம் என்பதில் நடுவில் மூச்சு ஒரு நொடி நிற்கிறது, அதையும் கைதட்டித்தான் காட்ட வேண்டும்: பட்-டம்.

கொம்பும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும். அங்கே ஒலி முதலில் ப, எழுதும்போது முதலில் கொம்பு. அது வேறு கதை, ஜூலையில் வேண்டாம்.

எண்ணுவது

முதல் பருவத்தில் 1 முதல் 9 வரைதான் உயிர்நாடி. ஒன்றிலிருந்து நூறு வரை தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். அது நல்ல பாட்டு, எண்ணுவது வேறு. அதே பிள்ளைமுன் ஏழு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொன்னால், விரல் ஐந்தாவது கொட்டையில் இருக்கும்போது வாய் எட்டுக்குப் போய்விடும்.

வீட்டில் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆறு கொட்டை வையுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். உடனே "ஆறு" என்றால் பிடிபட்டுவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை. அடுத்து அதே ஆறையும் தள்ளித் தள்ளிப் பரப்பி வையுங்கள். "இப்ப கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அதே தானா?" இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் கூடியிருக்கிறது என்பார்கள். திருத்த வேண்டாம். "சரி, எண்ணிப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

இதற்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 14 குழி, கை நிறையச் சோழியோ புளியங்கொட்டையோ. முழு ஆட்டத்தையும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் எடுத்த காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதே ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதைக் கைக்குப் பழக்கிவிடும். நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும் ஆட்டமாக இருந்தால், எண்ணாமல் பார்த்த உடனே நான்கு என்று கண்டுபிடிக்கப் பிள்ளை பழகும். காலிக் குழியைத் துடைத்துவிட்டு அடுத்த குழியை எடுக்கும்போது, அந்தக் காலிக் குழியைக் காட்டி "இதுல எத்தனை?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல." அதுதான் பூச்சியம். பிள்ளை 0 எழுதக் கற்பதற்கு முன்பே அதைத் தொட்டுப் பார்த்துவிடுகிறது. சாயங்காலம் அப்பாயியோடு பல்லாங்குழி ஆடும் பிள்ளைக்குக் கணக்குக்கென்று தனியாக உட்கார வைக்க வேண்டியதே இல்லை.

ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்றே எண்ணட்டும். நான்கு, ஐந்து என்று புத்தகத்தில் வரும்போது வகுப்பில் பார்த்துக்கொள்வோம். ஒன்பதைத் தாண்ட அவசரப்படாதீர்கள். பதினொன்று என்று கேட்டுவிட்டுப் பிள்ளை 101 என்று எழுதினால், பத்தும் ஒன்றும் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டும் ஒரு குச்சியும் என்று கையில் கொடுக்கும் நாளில் அது தெளிந்துவிடும். அந்த நாள் பின்னால் வரும்.

சுற்றுப்புறமும் ஆங்கிலமும்

சூழ்நிலையியலுக்கு வீட்டில் தனியாக எதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், சில நாளில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். குறுவை நாற்றங்கால், தவளைக் குஞ்சு, நத்தை, வரப்பில் புதிதாக முளைத்த புல் எல்லாம் அப்போது பிள்ளையின் கண்முன் இருக்கின்றன. கூட்டிப்போய்க் காட்டி, எது நகர்கிறது, எது வளர்கிறது, எது எதுவும் செய்யாமல் கிடக்கிறது என்று கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடித் தொட்டியும் எறும்பு வரிசையும் போதும். பல மாதிரி இலைகளைப் பொறுக்கி வந்து பிரித்து அடுக்கட்டும். எப்படிப் பிரித்தாலும் சரி, எதற்காக அப்படிப் பிரித்தது என்பதைப் பிள்ளை சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஏ, பி, சி, டி பாட்டு போதும். பேனா, பஸ், பால் (பந்து) என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லின் ஒலியோடு எழுத்தைச் சேர்த்துக் காட்டினால் இன்னும் நல்லது. தாய்மொழியில் ஒலியை உடைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பேச்சு

வகுப்பில் வேகமாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் புத்தகம் இருந்ததா என்பதைவிட, பேச ஆள் இருந்ததா என்பதே பெரிதாக இருக்கிறது. நிறையச் சொற்களைக் காதால் கேட்ட பிள்ளை, எழுத்தைக் கூட்டியதும் "ஆ, இதுவா" என்று அடையாளம் கண்டுகொள்கிறது. கேட்காத பிள்ளைக்குச் சரியாகக் கூட்டிய சொல்லும் வெறும் ஓசைதான்.

கேள்வியை மாற்றுங்கள். "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "யார் பக்கத்துல உக்காந்த? அவன் சாப்பாடு என்ன?" என்று கேட்டால் கதை வரும். கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆயிருக்கும்?" என்று கேளுங்கள். விடுகதை போடுங்கள். "அள்ள முடியும், கிள்ள முடியாது, அது என்ன?" தண்ணீர் என்று கண்டுபிடித்த பிள்ளையை, அதுவே ஒரு விடுகதை கட்டச் சொல்லுங்கள். புத்தகத்தில் படம் மட்டும் உள்ள பக்கங்கள் ஏமாற்று இல்லை. பேசுவதற்காகவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஒரு மாலை முழுக்க இருக்கலாம்.

போனை இந்த நேரத்தில் ஒதுக்கி வையுங்கள், உங்கள் போனையும் சேர்த்து.

மாலையும் காலையும்

மாலையில் 20 நிமிடம் போதும் என்பது என் கணக்கு. வந்ததும் உட்கார வைக்காதீர்கள், விளையாடி முடித்துக் கை கால் கழுவி வரட்டும். ஐந்து நிமிடம் ஒலி விளையாட்டு, பத்து நிமிடம் சிலேட்டோ மணலோ பல்லாங்குழியோ, மிச்சம் கதை. பிள்ளை கேட்டால் நீட்டலாம், கொட்டாவி விட்டால் அத்தோடு விடலாம். ஐந்து வயதுப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பாதீர்கள் என்று என்னைப் பார்க்க வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன். பள்ளி விட்டு வந்த பிள்ளையை இன்னொரு அறையில் ஒரு மணி நேரம் அடைத்து, எழுதியதையே எழுத வைத்தால் எழுத்து வராது, வெறுப்புதான் வரும்.

காலையில் சீக்கிரம் அனுப்புங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உப்புமாவோ பொங்கலோ சூடாகச் சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளையின் கவனம், வெறும் வயிற்றோடு பிரார்த்தனையில் நிற்கும் பிள்ளைக்கு வராது. மணி அடித்த பிறகு ஓடிவரும் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடும் போகிறது, நண்பர்களோடு பேசும் அந்தக் கால் மணி நேரமும் போகிறது.

பள்ளிக்கு வரும் முன்பே பழக்க வேண்டியது ஒன்று உண்டு. "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று கேட்கத் தெரிய வேண்டும், கால்சட்டைப் பித்தானைத் தானே கழற்றி மாட்டத் தெரிய வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அந்த நேரத்தில் நான் சொல்லும் கதையில் ஒரு வரிகூடக் காதில் ஏறாது. வீட்டில் நீங்கள் டீச்சராக இருந்து, பிள்ளையைக் கேட்கச் சொல்லி விளையாடுங்கள்.

நடவு நேரத்தில் சின்னதைப் பார்த்துக்கொள்ளப் பெரியதை வீட்டில் நிறுத்துவது, ஆடியில் குலதெய்வம் கோவிலுக்குப் போய் ஒரு வாரம் தங்குவது எல்லாம் எனக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போகும் வீட்டின் கஷ்டமும் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு நாளும் முந்தின நாளின் மேல்தான் நிற்கிறது. தொடர்ந்து ஒரு வாரம் வராத பிள்ளைக்கு மற்றவர்கள் பாடுகிற பாட்டே புதிதாக இருக்கும். கைக்குழந்தையை விட அங்கன்வாடியில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வழியே இல்லை என்றால் முன்னாடியே சொல்லுங்கள், அந்த நாள்களில் வகுப்பில் என்ன ஓடும் என்று நான் சொல்லி அனுப்புகிறேன்.

எப்போது கவலைப்படுவது

ஜூலை கடைசியில், தன் பெயரை எழுதியிருந்தால் அடையாளம் காண்கிறதா, ஒரு சொல்லின் முதல் ஒலியைச் சொல்கிறதா, ஒன்பது பொருள் வரை பிசகாமல் எண்ணுகிறதா, நடந்ததை நான்கு வாக்கியமாகச் சொல்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு வராவிட்டால் அவசரம் இல்லை, அந்த விளையாட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். எதுவுமே பிடிபடவில்லை, அல்லது கூப்பிட்டால் அடிக்கடித் திரும்புவதில்லை, படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கிறது, பேச்சு வெளியாருக்குப் புரியவே இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காதையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழு வரும். அது வரும் நாளில் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள், உங்கள் சந்தேகத்தை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் மூலம் அவர்களை அணுகலாம்.

ஆசிரியரைப் பார்க்க வரும்போது "எப்படிப் படிக்கிறான்?" என்று மட்டும் கேட்டால் "நல்லாப் படிக்கிறான்" என்ற பதிலோடு திரும்பிப் போவீர்கள். இப்போது எந்தெந்த எழுத்து ஓடுகிறது, எந்தப் பாட்டு, எந்த எண் வரை, என் பிள்ளை எந்த இடத்தில் தயங்குகிறது என்று கேளுங்கள். காலை மணி அடிக்கும் நேரத்தில் வந்தால் நின்று பேச முடியாது. பள்ளி விட்ட பிறகு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.